திருகோணமலைக் கடற்போருக்கு ஒரு கப்பற்படை: சிறு பாய்மரப் போர்க்கப்பல்களுக்கு வர்ணம் பூசிக் கயிறு கட்டும் முழுமையான வழிகாட்டி

1782 பெப்ரவரி முதல் 1783 ஜூன் வரை, ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி எட்வர்ட் ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனும் நமது கடலில் ஐந்து முறை மோதினார்கள். சதுரங்கப்பட்டினம், இலங்கையின் கிழக்குக் கரையோரமுள்ள புரொவிடியன் பாறைத்தீவு, நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் ஆகிய இடங்களுக்கு அப்பால் நடந்த அந்த ஐந்து போர்களிலும் போர்வரிசைக் கப்பல் (வரிசையில் நின்று போரிடும் பெரிய கப்பல்) ஒன்றுகூட எதிரியிடம் பிடிபடவில்லை. குண்டடிபட்டு மூழ்கவும் இல்லை. முறிந்தவை பாய்மரங்கள், அறுந்தவை கயிறுகள். 1782 ஏப்ரல் 12 அன்று புரொவிடியனில் மொன்மவுத் என்ற 64 பீரங்கி ஆங்கிலக் கப்பல் தன் நடுப் பாய்மரத்தையும் பின் பாய்மரத்தையும் இழந்தது. அதே ஆண்டு செப்டெம்பர் 3 அன்று திருகோணமலைக்கு வெளியே, சுஃப்ரெனின் தலைமைக் கப்பலான ஏரோவின் நடுப் பாய்மரம் சரிந்தது. ஆகவே இந்தப் போர்களை மேசைமேல் ஆட விரும்பும் ஒருவர் தமது மாதிரிக் கப்பல்களுக்குக் கயிறு கட்டாமல் விட்டால், அந்தப் போர்களைத் தீர்மானித்த பொருளையே விட்டவராகிறார்.

கொழும்பில் ஒரு மாடி வீட்டின் சிறு மேசையில், பெரும்பாலும் இங்கேயே கிடைக்கும் பொருட்களைக் கொண்டு, 74 பீரங்கிக் கப்பல் ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை எப்படிச் செய்வது என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். உண்மைக் கப்பலில் இருந்த அத்தனை கயிறுகளையும் மாதிரியில் கட்டிவிட எவராலும் முடியாது. முயன்றால் கப்பல் சிலந்தி வலைக்குள் சிக்கியது போலத் தோன்றும். ஒவ்வொரு கயிறும் என்ன வேலை செய்தது என்பதை அறிந்து, வேலையைக் கண்ணுக்குக் காட்டுகின்ற கயிறுகளை மட்டும் சரியான இடத்திலிருந்து சரியான இடத்துக்குக் கட்டுவதே இந்தக் கலையில் நான் கற்றுக்கொண்டது.

அளவும் காற்றும்

முதலில் அளவைத் தீர்மானிக்க வேண்டும். 74 பீரங்கிக் கப்பலொன்றின் கீழ்ப் பீரங்கித் தளம் ஏறக்குறைய 51 மீற்றர் நீளமானது. 1/700 அளவில் அது 73 மில்லிமீற்றராகவும், 1/1200 இல் 43 மில்லிமீற்றராகவும், 1/2400 இல் 21 மில்லிமீற்றராகவும் சுருங்கும். வோர்லோர்ட் கேம்ஸ் 2019 இல் வெளியிட்ட பிளாக் சீஸ் விளையாட்டின் கப்பல்கள் 1/700 அளவின. லாங்டன் உலோக வார்ப்புகள் 1/1200. டம்ப்ளிங் டைஸ் நிறுவனத்தின் கப்பல்கள் 1/2400. முதற்கப்பலைச் செய்பவருக்கு 1/700 அளவையே பரிந்துரைக்கிறேன். அந்த அளவில் விரலும் நூலும் ஒன்றுக்கொன்று இடம் கொடுக்கும். படை முழுவதையும் ஒரே மேசையில் நிறுத்த விரும்புபவர் 1/1200 அளவைத் தேர்ந்தால் இங்கே சொல்லப்படும் கயிறுகளில் பாதியைக் கட்டினால் போதும். 1/2400 இல் பாய்மரங்களைத் தாங்கும் முன்கயிறுகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்து, தூரிகையைத் தொடுவதற்கு முன்பே காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது என்று தீர்மானித்துவிட வேண்டும். பாய்கள் எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கும், கொடி எந்தத் திசையில் பறக்கும், கப்பல் எந்தப் பக்கம் சற்றே சாயும், அலையின் நுரை எங்கே விழும் என்ற நான்கும் இந்த ஒரு முடிவிலிருந்தே பிறக்கின்றன. சதுரப் பாய்க் கப்பல் காற்று வரும் திசைக்கு ஏறக்குறைய 67 பாகை வரையே நெருங்கிச் செல்ல முடியும். விளையாட்டில் கப்பல் எல்லாத் திசையிலும் திரும்புமாதலால், காற்று பின்பக்கவாட்டிலிருந்து வருவதாக வைத்து, பாய் தொங்கும் குறுக்குக் கம்புகளை மிதமாக 20 பாகை அளவு திருப்பி ஒட்டுவது எந்த நிலையிலும் கண்ணை உறுத்தாது. ஒரே படையின் எல்லாக் கப்பல்களுக்கும் ஒரே பக்கக் காற்றை வைத்துக்கொண்டால், வரிசையாக நிறுத்தும்போது அவை ஒரே கடலில் செல்வதாகத் தோன்றும்.

பெயர்களை அறிதல்

என் அம்மாவின் தகப்பனார் வல்வெட்டித்துறைக்காரர். பாய் தொங்கும் குறுக்குக் கம்பைப் பருமல் என்றும், அதை மேலே ஏற்றி இறக்கும் கயிற்றை ஆஞ்சான் என்றும், பாயின் கீழ் மூலையை இழுத்துக் கட்டும் கயிற்றைத் தாமான் என்றும், கப்பலின் முன்பகுதியை அணியம் என்றும் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1930 இல் அந்த ஊரில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற இரட்டைப் பாய்மரக் கப்பல், ஓர் அமெரிக்கரால் வாங்கப்பட்டுப் பெயர் மாற்றப்பட்டு, 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை சென்றது. இந்தச் சொற்கள் நம்மிடம் உயிரோடு இருக்கும்போது அவற்றையே இங்கே பயன்படுத்துகிறேன். நமக்குப் பெயரில்லாதவற்றுக்கு வேலையைச் சொல்லும் சொற்களை வைத்துக்கொள்கிறேன்.

கப்பற் கயிறுகள் இரு இனம். பாய்மரத்தை நிமிர்த்தி நிறுத்தும் நிலைக்கயிறுகள் ஓரினம். அவை அசைவதில்லை, தார் பூசப்பட்டதால் கறுப்பாக இருக்கும். பருமலையும் பாயையும் இயக்கும் ஓடுகயிறுகள் மற்றோர் இனம். அவை கப்பியினூடாக ஓட வேண்டியவை என்பதால் சணலின் வெளிர் மண்ணிறத்தில் இருக்கும். இந்த நிற வேறுபாட்டை மட்டும் ஒழுங்காகக் காட்டினாலே, எவ்வளவு குறைவாகக் கட்டினாலும் கப்பல் உண்மையாகத் தோன்றும்.

நிலைக்கயிறுகள் பாய்மரத்தை மூன்று திசைகளில் பிடிக்கின்றன. பாய்மரத்திலிருந்து முன்னோக்கிக் கப்பலின் நடுக்கோட்டில் இறங்குவது முன்தாங்கி. பின்னோக்கிச் சாய்ந்து இரு பக்கங்களிலும் இறங்குவது பின்தாங்கி. பக்கவாட்டில் விசிறி போல விரிந்து, குறுக்கே ஏணிப்படிக் கயிறுகள் கட்டப்பட்டிருப்பவை பக்கத்தாங்கிகள். மாலுமிகள் ஏறிச் சென்றது அவற்றின் மேல்தான்.

கொழும்பில் பொருள் தேடுதல்

மாதிரிக் கப்பல்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். மற்றவற்றில் பெரும்பகுதி புறக்கோட்டையில் ஒரு முற்பகலில் கிடைத்துவிடும். குறுக்குத் தெருக்களிலுள்ள தையற் சாமான் கடைகளில் ஓவர்லொக் இயந்திரத்துக்கான பொலியெஸ்டர் நூலைக் கேளுங்கள். ஆடைத் தொழிற்சாலைகள் நிறைந்த நாடு என்பதால் நமக்கு இது எளிதில் வாய்க்கிறது. பஞ்சு போல முறுக்கிய நூலைத் தவிர்த்து, வழவழப்பான இழைநூலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் மயிர் எழும்பியிருப்பது தெரியும்.

நூலின் தடிப்பைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனெனில் அதிகமான மாதிரிகள் கெடுவது இங்கேதான். பெரிய கப்பலின் தடித்த முன்தாங்கி ஏறக்குறைய 140 மில்லிமீற்றர் விட்டமுடையதாக இருந்தால், 1/700 இல் அது 0.2 மில்லிமீற்றர், சாதாரணத் தையல் நூல் அதற்குப் பொருந்தும். ஆனால் பருமலைத் திருப்பும் 30 மில்லிமீற்றர்க் கயிறு அதே அளவில் 0.04 மில்லிமீற்றராகிறது, அது தலைமயிரை விட மெல்லியது. அப்படிப்பட்ட நூலைக் கட்டவும் முடியாது, விளையாடும்போது அது நிற்கவும் செய்யாது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே தையல் நூலைப் பயன்படுத்தினால் கப்பல் விளையாட்டுப் பொம்மையாகிவிடும். இரண்டு தடிப்புகளையாவது வைத்திருங்கள்: கீழ் முன்தாங்கிகளுக்குக் கறுப்புத் தையல் நூல், மற்ற எல்லாவற்றுக்கும் கிடைக்கும் மிக மெல்லிய இழைநூல், அதில் கறுப்பு ஒரு சுருள், வெளிர் மண்ணிறம் ஒரு சுருள். வெளிநாட்டிலிருந்து ஈசி லைன் போன்ற இழுபடும் நூலை வரவழைக்க முடிந்தவர்கள் ஓடுகயிறுகளுக்கு அதைப் பயன்படுத்தலாம். விரல் பட்டால் விலகிக்கொடுத்து மீண்டும் நேராகிவிடும்.

செட்டியார் தெருவில் பொற்கொல்லர்களுக்கான கருவிக் கடைகளில் கூர்நுனிச் சாவணம், கைத்துளைப்பான், 0.3 முதல் 0.8 மில்லிமீற்றர் வரையிலான துளையூசிகள் ஆகியவற்றைத் தேடுங்கள். கருவியில் மலிவு பார்க்க வேண்டாம். ஆயுர்வேத மருந்துக் கடைகளில் தேன்மெழுகு கிடைக்கும். தென்னை ஈர்க்கிலில் ஒரு கட்டு வைத்திருங்கள்: இயல்பாகவே நுனி நோக்கி மெலிந்து செல்வதால், முறிந்த பருமலுக்கும் மேற்பாய்மரத்துக்கும் அதைவிடச் சிறந்த மாற்று இல்லை, பசை தொட்டு வைக்கவும் அதுவே உதவும்.

உடற்பகுதி

உலோகமானாலும் பிளாஸ்டிக்கானாலும் வார்ப்பச்சில் ஒட்டிய எண்ணெய்ப் பசை போகும்படி பாத்திரம் கழுவும் சவர்க்கார நீரில் பழைய பற்தூரிகையால் தேய்த்துக் கழுவி, ஓரிரவு உலரவிடுங்கள். வார்ப்புக் கோடுகளைச் சுரண்டி எடுங்கள். பிசின் வார்ப்பானால் ஈரத்தோடு தேய்த்து, முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குத் தீங்கானது. பாய்மரக் குழிகளை இப்போதே துளைத்து, பாய்மரம் நேராக நிற்கிறதா என்று உலர்நிலையில் பொருத்திப் பாருங்கள். கயிறு முடியும் இடங்களான அணிய நுனி, அணியத்திலிருந்து முன்னோக்கி நீண்டிருக்கும் முன்கம்பு, பின்பகுதியின் இரு ஓரங்கள் ஆகியவற்றிலும் 0.4 மில்லிமீற்றர்த் துளைகளை இந்தக் கட்டத்திலேயே இடுவது நல்லது. வர்ணம் பூசிய பின் துளைத்தால் பூச்சு உரிந்துவரும். உடற்பகுதியை ஒரு மருந்துப் போத்தலின் மேல் இருபக்க நாடாவால் ஒட்டி, இனிப் போத்தலை மட்டுமே பிடியுங்கள்.

அடிப்பூச்சுக்குக் கறுப்பு அல்லது கடும் மண்ணிறம் ஏற்றது. கொழும்பின் ஈரப்பதம் தெளிப்பு ரின்களுக்குப் பகை. மழைக்கு முந்திய புழுக்கத்திலும் மாலை வேளையிலும் தெளித்தால் பூச்சு பொடிப்பொடியாக விழும். வெயில் ஏறிய முற்பகலில், ரின்னைச் சிறிது நேரம் வெதுவெதுப்பான நீரில் வைத்து எடுத்து, 20 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து மெல்லிய படைகளாக அடியுங்கள். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் நான் தெளிப்பதையே நிறுத்திவிட்டுத் தூரிகையால் அடிப்பூச்சுப் பூசுகிறேன். அக்ரிலிக் வர்ணம் மின்விசிறியின் கீழ் தட்டிலேயே காய்ந்துவிடும் என்பதால், மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டியில் நனைந்த துணியை விரித்து அதன்மேல் பேக்கிங் தாளை இட்டு, அந்தத் தாளில் வர்ணத்தை வையுங்கள்.

வர்ணம் பூசும் ஒழுங்கு உள்ளிருந்து வெளியே. முதலில் மேல்தளம்: வெளுத்த மரத்தின் சாம்பல் கலந்த மஞ்சள் நிறம், அதன் மேல் மிக நீர்த்த மண்ணிறக் கழுவல், அது காய்ந்தபின் பலகைக் கோடுகளின் மேல் வெளிர் நிறத்தை உலர்தூரிகையால் (வர்ணத்தைப் பெரும்பாலும் துடைத்தெடுத்த தூரிகையால்) உரசுதல். அடுத்து மேல்தளப் பக்கச்சுவர்களின் உட்புறம்: அக்கால வழக்கப்படி செங்காவி. அதன் பின்னரே வெளிப்புறம்.

வெளிப்புறத்தில்தான் காலம் பிசகும் தவறு நிகழ்கிறது. கறுப்பு, மஞ்சட்காவிப் பட்டைகள் மாறிமாறி ஓட, மஞ்சட் பட்டைகளில் பீரங்கித் துவார மூடிகள் கறுப்புக் கட்டங்களாகத் தெரியும் தோற்றம் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனோடு இணைந்தது. 1805 ஒக்டோபர் 21 அன்று நடந்த திரஃபல்கார் போருக்கு உரியது. போர்ட்ஸ்மவுத்தில் பேணப்படும், அவரது தலைமைக் கப்பலான விக்டரியின் மஞ்சள்கூட, பழைய பூச்சுப் படைகளை ஆராய்ந்ததன் விளைவாக 2015 இல் இளஞ்சிவப்புச் சாயலுள்ள வெளிர் நிறமாக மாற்றப்பட்டது. 1782 இல் ஹியூஸின் கப்பல்களுக்கு அந்தக் கட்ட அமைப்பைப் பூசக் கூடாது. மரத்துக்கு எண்ணெய்ப் பிசின் பூசிய தேன்நிறமோ மஞ்சட்காவியோ பக்கங்கள் முழுவதையும் மூட, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கப்பலைச் சுற்றி ஓடும் தடித்த பலகைப் பட்டி மட்டும் கறுப்பாக இருக்க வேண்டும். மேல் விளிம்பில் நீலமோ சிவப்போ ஒரு கோடாக வரலாம். பிரெஞ்சுக் கப்பல்களுக்கு மஞ்சட்காவியைச் சற்று அழுத்தமாக எடுத்து, மேல் விளிம்பை நீலமாக்கினால், மேசையில் இரு படைகளும் தூரத்திலிருந்தே வேறுபட்டுத் தெரியும்.

கறுப்பு அடிப்பூச்சின் மேல், தட்டைத் தூரிகையைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, புடைத்த பகுதிகளை மட்டும் தொடும்படி காவியை இரண்டு மூன்று முறை இழுங்கள். பள்ளங்களில் கறுப்பு தானாக நிற்கும். 74 பீரங்கிக் கப்பலின் கீழ்த்தளத்தில் பக்கத்துக்கு 14 துவாரங்கள் உண்டு. மூடி திறந்த நிலையில் வார்க்கப்பட்டிருந்தால் மூடியின் உட்புறத்தைச் செங்காவியாக்கி, துவாரத்தின் உள்ளே கறுப்பை ஊசி நுனியால் வையுங்கள். பின்பகுதியின் சாளர வரிசைக்கு முதலில் கடும் நீலச்சாம்பல், பின் சட்டங்களுக்கு வெளிர் மஞ்சள். பொன்னிற உலோக வர்ணத்தை இந்த அளவில் பயன்படுத்தாதீர்கள்; மஞ்சட்காவியில் வெள்ளை கலந்து உயரமான இடங்களில் தொட்டாலே செதுக்கு வேலை பொன்னாகத் தெரியும்.

பாய்மரமும் பாயும்

பாய்மரங்களை உடற்பகுதியிலிருந்து பிரித்தே வர்ணம் பூசுங்கள். கீழ்ப் பாய்மரம் தேன்நிறம், இரு மரத்துண்டுகள் ஒன்றன்மேலொன்று சேரும் பகுதியும் அங்குள்ள மேடையும் கறுப்பு, பருமல்களும் கறுப்பு. பின் பாய்மரத்தின் கீழ்ப் பருமலில் வழக்கமாகப் பாய் கட்டுவதில்லை. அதற்கு மேலுள்ள பாயின் கீழ் மூலைகளை விரித்துப் பிடிக்கவே அது இருந்தது. தாளில் வெட்டிய பாய் மீதமிருக்கிறதே என்று அதில் தொங்கவிடாதீர்கள்.

போருக்குள் நுழையும் கப்பல் எல்லாப் பாய்களையும் விரிப்பதில்லை. கீழே தொங்கும் பெரும்பாய்கள் பார்வையை மறைக்கும், பீரங்கித் தீயில் பற்றவும் கூடும் என்பதால் அவற்றைச் சுருட்டிவிட்டு, நடுவிலுள்ள மேற்பாய்களோடும் முன்னாலுள்ள முக்கோணப் பாய்களோடும் போரிடுவது வழக்கம். இது நமக்கு இரட்டை நன்மை: தோற்றமும் உண்மையாகும், கயிறு கட்ட விரல் நுழைய இடமும் கிடைக்கும். சுருட்டிய பாயை, வெள்ளைப் பசையில் நனைத்த மெல்லிய ரிஷ்யூத் தாளை உருட்டிப் பருமலின் மேல் ஒட்டிச் செய்யலாம்.

விரித்த பாய் தாளில் வந்தால், வெட்டுவதற்கு முன் இரு பக்கமும் நீர்த்த வெள்ளைப் பசையைப் பூசிக் காயவிடுங்கள். கொழும்புக் காற்றில் பூசாத தாள் சில மாதங்களில் அலைபோல் நெளிந்துவிடும். பின் ஒரு தடித்த பேனையின் மேல் உருட்டிக் காற்று நிறைந்த வளைவைக் கொடுங்கள். நிறம் தூய வெள்ளையாக இருக்கக் கூடாது. துவைக்காத பருத்தித் துணியின் நிறத்தை அடியாக வைத்து, மேல் மடிப்புகளில் வெளிர்ந்தும் கீழ் ஓரங்களில் சற்றே சாம்பலாகவும் விடுங்கள்.

இப்போது பாய்மரங்களை ஒட்டலாம். பக்கவாட்டிலும் முன்னாலிருந்தும் கண்மட்டத்தில் பார்த்து, மூன்றும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று உறுதிசெய்து, 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். நான் தொடக்கத்தில் இந்தப் பொறுமையைக் காட்டாமல் கட்டிய ஒரு கப்பலின் முன் பாய்மரம், கயிற்றின் இழுப்பால் அணியத்தை நோக்கிச் சரிந்து, அவ்வளவு வேலையையும் அறுத்தெறிந்து மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. பாய்களை இன்னும் ஒட்டாதீர்கள். பருமல்கள் பாய்மரத்தோடு வார்க்கப்பட்டிருந்தாலும் பாய்கள் நிலைக்கயிறுகளுக்குப் பின்னரே வர வேண்டும்.

கயிறு கட்டுதல்

நூலை முதலில் தேன்மெழுகுக் கட்டியின் மேல் இரு முறை இழுத்து, பின் விரலிடுக்கில் அழுத்தி உருவுங்கள். மயிர் படிந்துவிடும், தூசும் ஒட்டாது, முடிச்சும் வழுக்காது. பசைக்கு, ஒரு போத்தல் மூடியில் ஒரு துளி சுப்பர் குளூ விட்டு, ஈர்க்கில் நுனியால் தொட்டு வையுங்கள். ரியூப்பிலிருந்து நேராக விடவே கூடாது. இந்தப் பசை காற்றின் ஈரத்தால்தான் இறுகுகிறது, ஆதலால் நமது ஊரில் மிக விரைவாகப் பிடிக்கும். அதே காரணத்தால் அதன் ஆவி அருகில் வெள்ளைப் படிவாக இறங்கும். குறைந்த அளவும், மெதுவாக ஓடும் மின்விசிறியும் அதைத் தடுக்கும்.

ஒழுங்கு இதுதான்: பக்கத்தாங்கிகள், அடுத்து முன்தாங்கிகள், அவற்றோடு மாறிமாறிப் பின்தாங்கிகள், அதன் பின் பாய்கள், கடைசியாக ஓடுகயிறுகள். கீழிருந்து மேலாகவும், நடுக்கோட்டிலிருந்து வெளிப்பக்கமாகவும் செல்ல வேண்டும். இந்த ஒழுங்கை மாற்றினால், கட்டிய கயிற்றைத் தாண்டி உள்ளே விரல் செல்ல முடியாத நிலை வரும்.

பக்கத்தாங்கிகள் 1/700 இல் பெரும்பாலும் ஒளிபுகும் மென்தகட்டில் அச்சிட்டு வரும். வெட்டிய ஓரம் வெள்ளையாகப் பளபளக்கும். கறுப்பு நிரந்தர மார்க்கரால் ஓரத்தைத் தீட்டுங்கள். சுப்பர் குளூ தகட்டை மங்கச் செய்யும் என்பதால் இதற்கு வெள்ளைப் பசையே ஏற்றது.

முன்தாங்கிகளை முன் பாய்மரத்தில் தொடங்குங்கள். முன் பாய்மரத்தின் கீழ் மேடையிலிருந்து முன்கம்புக்கு ஒன்று. அதன் மேற்பகுதியிலிருந்து முன்கம்பின் நுனியை நோக்கி ஒன்று. உச்சியிலிருந்து நுனிக்கே ஒன்று. நடுப் பாய்மரத்தின் கீழ் மேடையிலிருந்து வரும் கயிறே கப்பலின் மிகத் தடித்தது. அது முன் பாய்மரத்தின் அடியைத் தாண்டி அணியத் தளத்தில் முடியும். தையல் நூல் இதற்காகத்தான். நடுப் பாய்மரத்தின் மேற்பகுதிகள் முன் பாய்மரத்தின் உயரங்களுக்கும், பின் பாய்மரத்தின் பகுதிகள் அதே முறையில் நடுப் பாய்மரத்துக்கும் இறங்கும். ஆக ஒன்பது. முன்கம்பு மேலே இழுபடாதபடி அதன் அடியிலிருந்து அணியத்தின் நீர்மட்டத்துக்கு ஒரு கயிறு கட்டுங்கள். இந்தச் சிறு கயிறு இல்லாத மாதிரியை அறிந்தவர் கண் உடனே பிடித்துவிடும்.

ஒவ்வொரு கயிற்றுக்கும் செய்முறை ஒன்றே. தேவையானதை விட 10 சென்ரிமீற்றர் நீளமாக வெட்டி, மேல் முனையைப் பாய்மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு புள்ளி பசை வைத்து இறுக விடுங்கள். கீழ் முனையைத் துளையினூடாக இழுத்து, அதில் ஓர் உடுப்புக் கிளிப்பைத் தொங்கவிடுங்கள். கையால் இழுத்துப் பிடிப்பதை விட அந்தச் சிறு பாரம் சீரான இழுப்பைத் தரும். துளையில் பசை வைத்து, இறுகிய பின் புதிய பிளேட்டால் அல்லது நகவெட்டியால் தறியுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் பொலியெஸ்டர் நுனியை, அணைந்துகொண்டிருக்கும் ஊதுபத்தியின் நெருப்பை அருகே கொண்டுசென்று சுருங்க வைக்கலாம். பிளாஸ்டிக்கில் பட்டுவிடாமல் கவனம் வேண்டும்.

ஒரு பாய்மரத்தின் முன்தாங்கியைக் கட்டியவுடன் அதே பாய்மரத்தின் பின்தாங்கிகளை இரு பக்கமும் கட்டி இழுப்பைச் சமப்படுத்திய பிறகே அடுத்த பாய்மரத்துக்குச் செல்லுங்கள். உண்மைக் கப்பலில் இக்கயிறுகள் செய்த வேலையை மாதிரியிலும் அவை செய்கின்றன: முன்னால் இழுப்பதைப் பின்னால் இழுப்பது தாங்குகிறது. இதை விரலால் உணர்ந்த பிறகு, ஒரு குண்டு பின்தாங்கியை அறுத்தால் ஏன் மேற்பாய்மரம் முன்னே விழுந்தது என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

பாய்களை ஒட்டிய பின் ஓடுகயிறுகள். பருமலின் இரு நுனிகளிலிருந்தும் செல்லும் திருப்புகயிறுகளே கட்டாயமானவை. பாய்கள் காற்றுக்கேற்பத் திரும்பியிருப்பதற்குக் காரணம் காட்டுபவை அவையே. முன் பாய்மரப் பருமல்களின் திருப்புகயிறுகள் பின்னோக்கி நடுப் பாய்மரத்தின் முன்தாங்கிக்குச் செல்லும். நடுப் பாய்மரத்தின் கீழ்ப் பருமலினுடையவை கப்பலின் பின்பகுதி ஓரங்களுக்கும், மேற்பருமலினுடையவை பின் பாய்மரத்துக்கும் செல்லும். பின் பாய்மரத்தின் கீழ்ப் பருமல் மட்டும் எதிர்மாறு: அதன் பின்னால் கட்டப் போதிய இடமில்லாததால், அதன் கயிறுகள் முன்னோக்கி நடுப் பாய்மரத்தின் பக்கம் செல்கின்றன. அதற்கு மேலுள்ள பருமலினுடையவை, பின்பாயைத் தாங்கும் சாய்ந்த கம்பின் நுனிக்குப் போகும். எல்லாவற்றையும் பின்னோக்கியே கட்டிவிடுவது நான் அடிக்கடி காணும் தவறு.

கணக்கிட்டால், முன்தாங்கிகள் 9, முன்கம்பின் அடிக்கயிறு 1, பின்தாங்கிகள் 6, திருப்புகயிறுகள் 12: மொத்தம் 28. நேரம் குறைவானவர், ஒவ்வொரு பாய்மரத்துக்கும் இரு முன்தாங்கிகள், இரு பின்தாங்கிகள், மேற்பருமலுக்கு மட்டும் இரு திருப்புகயிறுகள் என 18 இல் நிறுத்தலாம். மேசையில் ஒரு முழத் தூரத்திலிருந்து வேறுபாடு தெரியாது. ஆஞ்சான்களையும் தாமான்களையும் விளையாட்டுக் கப்பலில் நான் கட்டுவதில்லை. தாத்தாவின் சொற்கள் என்பதால் மனம் வருந்தினாலும், பாயோடு ஒட்டிக் கிடக்கும் அக்கயிறுகள் இந்த அளவில் பாயின் கறையாகவே தெரியும்.

கொடி

கொடி காற்றின் திசையில் பறக்கும். பாய்கள் பின்னாலிருந்து வரும் காற்றால் நிறைந்திருக்க, கொடி மட்டும் பின்னோக்கிப் பறப்பது நடக்க முடியாதது. காற்று பின்பக்கவாட்டிலிருந்து வந்தால் கொடியும் முன்பக்கவாட்டில் பறக்க வேண்டும். 1782 ஆம் ஆண்டின் ஆங்கிலக் கொடியில் சிவப்பு மூலைவிட்டக் கோடுகள் இல்லை. அயர்லாந்துக்கான அந்தக் கோடுகள் 1801 இல்தான் சேர்ந்தன. இணையத்தில் கிடைக்கும் படத்தை அப்படியே அச்சிடுபவர்கள் இங்கே தவறிவிடுகிறார்கள். பிரெஞ்சுக் கப்பல்களுக்குப் புரட்சிக்கு முந்திய வெள்ளைக் கொடி. மூவர்ணம் அப்போது பிறக்கவில்லை. மெல்லிய தாளில் இரு பக்கமும் அச்சிட்டு, நூலைச் சுற்றி மடித்து வெள்ளைப் பசையால் ஒட்டி, ஈரம் இருக்கும்போதே சாவணத்தால் அலைபோல் வளையுங்கள். தாளின் வெட்டோரத்தைக் கொடியின் நிறத்தால் தீட்ட மறக்க வேண்டாம்.

கடலும் மேற்பூச்சும்

ஐரோப்பியக் கடலின் சாம்பல் பச்சையை இந்தப் படைக்குப் பூசாதீர்கள். திருகோணமலைக்கு வெளியே ஆழம் விரைவாக அதிகரிப்பதால் நீர் கடும் நீலமாக இருக்கும். மாதிரிக் கப்பல் நிற்கும் அடித்தளத்தில் வெள்ளைப் பசையோடு ரிஷ்யூத் தாளைச் சுருக்கி ஒட்டி, காய்ந்தபின் கடும் நீலமும், அலை முகடுகளில் பச்சை கலந்த நீலமும் பூசி, அணியத்தின் இரு பக்கமும் பின்னால் ஓடும் தடத்திலும் மட்டும் வெள்ளையைத் தொடுங்கள். காலிமுகத்திடலில் கரையில் உடையும் நுரையைப் பார்த்து அதே அளவை ஆழ்கடலில் வைத்துவிடக் கூடாது. மிதமான காற்றில் போர்க்கப்பல் மெதுவாகவே சென்றது. தளத்தின் பின்விளிம்பில் கப்பலின் பெயரைத் தமிழில் எழுதிவிடுங்கள். ஆட்டத்தின் நடுவே எது ஹியூஸின் தலைமைக் கப்பலான சுப்பர்ப், எது மொன்மவுத் என்று தேட வேண்டியிராது.

கப்பலுக்கு மங்கல் வார்னிஷ், கடலுக்குப் பளபளப்பு வார்னிஷ். மங்கல் வார்னிஷைக் கயிறு கட்டுவதற்கு முன்பே உடலுக்கும் பாய்க்கும் பூசி முடித்துவிடுங்கள். மழை இருட்டிய ஒரு மாலையில் நான் தெளித்த மங்கல் வார்னிஷ், காலையில் கப்பல் முழுவதையும் வெண்பனி மூடியது போலாக்கியிருந்தது. அப்படி நேர்ந்தால் உரிக்க வேண்டாம்: வறண்ட நாளொன்றில் பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் பூசினால் வெண்மை பெரும்பாலும் மறையும்; அது நன்றாகக் காய்ந்த பின் மங்கல் வார்னிஷைத் தூரிகையாலேயே மீண்டும் பூசலாம்.

பேணுதலும் பழுதும்

பசை பூசிய தாளைக் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் விரும்பி உண்ணும். மூடி இறுகும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். நப்தலீன் உருண்டை மட்டும் வேண்டாம். அதன் ஆவி பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். தளத்தின் அடியில் காந்தமும் பெட்டியின் அடியில் இரும்புத் தகடும் ஒட்டினால், முச்சக்கர வண்டியில் காலி வீதி முழுவதும் குலுங்கிச் சென்றாலும் கப்பல் கப்பலோடு மோதாது.

கயிறு அறுந்தால் அதே இடத்தில் முடிச்சுப் போட முயலாதீர்கள். இரு முனைகளையும் வேரோடு வெட்டி, பழைய பசையை ஊசியால் கிளறி எடுத்து, புதிய நூலை அதே கிளிப் முறையில் கட்டுங்கள். பாய்மரமே முறிந்துவிட்டால், திருத்துவதற்கு முன் ஒன்றை யோசித்துப் பாருங்கள். என் படையில் அப்படி நடுப் பாய்மரமும் பின் பாய்மரமும் முறிந்த 64 பீரங்கிக் கப்பலொன்று இருந்தது. அடிக்கட்டையைச் சிலாம்பாகச் சீவி, வெளிர் மர நிறம் பூசி, அறுந்த பக்கத்தாங்கிகளை ஓரத்தில் தொங்கவிட்டு, விழுந்த பருமலொன்றை ஈர்க்கிலால் செய்து கடலில் மிதக்கவிட்டேன். புரொவிடியன் போரை ஆடும்போது, மொன்மவுத் தன் பாய்மரங்களை இழக்கும் கட்டம் வந்ததும் முழுக் கப்பலை எடுத்துவிட்டு இதை அதன் இடத்தில் வைக்கிறோம்.